நடப்பவருக்கு 15, சக்கரம் உருட்டுபவருக்கு 5

உலகெங்கும் மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவுகளில் அறுபது ஆண்டுகளாகப் புழங்கிவரும் மதிப்பெண் பட்டியல் ஒன்று உண்டு. பத்தே பத்து இனங்கள், மொத்தம் 100 மதிப்பெண். தானாகச் சாப்பிட்டால் 10. தானாகக் குளித்தால் 5. உடை உடுத்திக்கொள்ள 10. மலம், சிறுநீர் இரண்டும் கட்டுப்பாட்டில் இருந்தால் பத்துப் பத்து. சமதரையில் 50 கஜ தூரம் துணையில்லாமல் நடந்துவிட்டால் 15. சரி, நடக்க முடியாத ஒருவர் சக்கர நாற்காலியைத் தன் கையாலேயே உருட்டி, மூலைகளில் திருப்பி, மேசைக்கும் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில் கச்சிதமாகக் கொண்டுபோய் நிறுத்தி, அதே 50 கஜத்தைக் கடந்தால் எவ்வளவு? 5.

மாடிப்படி ஏறி இறங்குவதற்குத் தனியாக 10 மதிப்பெண் இருக்கிறது. அதுவும் போச்சு. ஆக, மற்ற எந்தக் காரியத்துக்கும் யாரையும் கூப்பிடாத ஒருவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதாலேயே 80க்கு மேல் போக முடியாது. பரீட்சை எழுதும் முன்பே 20 மதிப்பெண் கழிந்துவிடுகிறது.

இதன் பெயர் பார்த்தெல் அட்டவணை. டாக்டர் ஃப்ளாரன்ஸ் மஹோனியும் இயன்முறை சிகிச்சையாளர் டோரத்தியா பார்த்தெலும் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், நாட்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்து, 1965இல் வெளியிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார், வீட்டுக்கு அனுப்பினால் எத்தனை கை உதவி தேவைப்படும் என்று மருத்துவமனை தெரிந்துகொள்ள இது மிக நல்ல கருவி. ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். சென்னையிலோ மதுரையிலோ உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து இயன்முறை சிகிச்சை பெற்றிருந்தால், கேஸ் ஷீட்டில் இந்த எண்ணைப் பார்த்திருக்கக்கூடும்.

இதைச் செய்தவர்கள் இதன் எல்லையையும் அப்போதே எழுதிவைத்தார்கள். 100க்கு 100 வாங்கிவிட்டார் என்பதால் ஒருவரால் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை. அவரால் சமைக்க முடியாமல் இருக்கலாம், வீட்டை நிர்வகிக்க முடியாமல் இருக்கலாம், நாலு பேரைப் போய்ப் பார்க்க முடியாமல் இருக்கலாம், ஆனாலும் கூடவே ஓர் ஆள் வேண்டியதில்லை, அவ்வளவுதான் என்றார்கள். பட்டியல் உலகம் முழுக்கப் போனது. எச்சரிக்கை அவ்வளவு தூரம் போகவில்லை.

பார்த்தெலுக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1963இல், கிளீவ்லாண்டில் டாக்டர் சிட்னி காட்ஸ் வேறொரு அளவுகோலை வெளியிட்டிருந்தார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்து உருவாக்கியது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, கழிவை அடக்கிக்கொள்வது, சாப்பிடுவது என்று ஆறே காரியங்கள். 1969இல் பிலடெல்பியாவில் லாட்டனும் எலைன் பிராடியும் ஒரு படி மேலே போய், தன் உடம்பைக் கவனிப்பதைத் தாண்டிய காரியங்களை அளந்தார்கள்: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்களுக்கு எட்டு இனங்களும் கணக்கில் சேரும், ஆண்களுக்கு ஐந்துதான். சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது மூன்றும் ஆண்களிடம் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் எட்டையும் கேட்கும் வழக்கம் பிறகுதான் வந்தது. அளவுகோல் போட்டவர்களின் வீட்டு வழக்கமும் அளவுகோலுக்குள் ஏறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

சக்கர நாற்காலி விஷயமும் அப்படித்தான். மனிதன் என்றால் நடப்பவன் என்ற எண்ணம், யாரும் கெட்ட நோக்கத்தோடு செய்யாமலேயே, கருவிகளுக்குள் உட்கார்ந்துகொண்டது. எண்பதுகளில் அமெரிக்காவில் வந்து பரவலான ‘ஃபிம்’ என்னும் 18 இன அளவுகோலிலும் ஒவ்வோர் இனத்துக்கும் 7 உச்சம். நடமாட்டத்தில் சக்கர நாற்காலிக்காரர் 6 வரைதான் வர முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள்கூட, ஒரு கிலோமீட்டர் நடப்பதும் அரை மணி நேரம் நிற்பதும் எவ்வளவு சிரமம் என்று கேட்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டு முப்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

இத்தனை எண்கள் யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். வேண்டியிருக்கிறது. எந்தச் சிகிச்சை தொடர வேண்டும், எதை நிறுத்தலாம், எந்த நாற்காலி வாங்கலாம், யாருக்கு உதவித்தொகை, எந்த வீட்டுக்குச் சாய்தளம் என்பதெல்லாம் பல நாடுகளில் இந்த எண்களை வைத்துத்தான் முடிவாகிறது. உலகில் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாட்டுக்கு நாடு மாறினாலும், தேவைப்படுபவர்களில் 5 முதல் 35 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது. கிடைத்த பிறகு அந்த நாற்காலி அவர்களுக்கு என்ன செய்தது என்ற கேள்விக்குப் பதில் இன்னும் அரிது.

முதியவர்களில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சாரார் நாற்காலியோடு முதுமை அடைந்தவர்கள். சிறு வயதில் போலியோ தாக்கியவர்கள், வாலிபத்தில் முதுகெலும்பு அடிபட்டவர்கள். இந்தியாவில் இயற்கையான வைரஸால் போலியோ வந்த கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானார். அதற்கு முந்தைய தலைமுறை இன்று ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலி இவர்களுக்குக் கைவந்த கலை, தோள்தான் தேய்ந்துபோயிருக்கும். இன்னொரு சாரார் முதுமையடைந்த பிறகு நாற்காலிக்கு வந்தவர்கள். பக்கவாதம், இடுப்பு முறிவு, சர்க்கரை நோயால் கால் எடுத்தது, மூட்டுத் தேய்மானம். இவர்களுக்குத் தோள் ஒருவேளை நன்றாக இருக்கும், ஆனால் எழுபது வயதில் பிரேக் போடுவதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பார்த்தெல் அட்டவணையில் இரு சாராரும் ஒரே 65 வாங்கிவிட முடியும். இரண்டு 65க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வீட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை எண்ணாக்கியவர்களில் முக்கியமானவர்கள் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்து முதுமையியல் ஆய்வாளர்கள். 2003இல் வெளியான அவர்களுடைய வாழ்வெளி அளவீடு எளிமையானது. கடந்த நான்கு வாரத்தில் நீங்கள் எதுவரை போனீர்கள்? படுக்கையறை தாண்டி மற்ற அறைகளுக்கு, வாசல், முற்றம் வரை, தெரு வரை, ஊருக்குள், ஊரைத் தாண்டி. ஐந்து வட்டங்கள், 1 முதல் 5 வரை எடை. ஒவ்வொரு வட்டத்துக்கும் எத்தனை தடவை போனீர்கள் என்பதற்கு 1 முதல் 4 வரை. தனியாகப் போனால் 2, கருவியின் உதவியோடு என்றால் 1.5, இன்னொருவர் உதவினால் 1. மூன்றையும் பெருக்கி, ஐந்து வட்டங்களையும் கூட்டினால் அதிகபட்சம் 120 வரும். 60க்குக் கீழே வந்தால் நடமாட்டம் குறுகிவிட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள்.

இதிலும் பழைய வாசனை போகவில்லை. சக்கர நாற்காலி ‘கருவி’ என்பதால், தினமும் ஊர் ஊராகச் சுற்றிவருபவருக்கும் 90க்கு மேல் கிடையாது. ஆனாலும் இது கேட்கும் கேள்வி சரியான கேள்வி. காலால் என்ன முடியும் என்று கேட்காமல், போனாயா என்று கேட்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, மாயவரம் பக்கத்தில் 72 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையில் வலு இருக்கிறது. வீட்டுக்குள் தானே நாற்காலியை உருட்டிக்கொள்வார், தினமும்: 1 × 4 × 1.5 = 6. வாசலுக்குத் தினமும் வருவார், ஆனால் நிலைப்படியைத் தாண்ட மகன் வேண்டும்: 2 × 4 × 1 = 8. தெருவுக்கு வாரம் ஒரு தடவை, மகன் தள்ளிக்கொண்டு: 3 × 2 × 1 = 6. ஊருக்குள் மாதம் ஒரு முறை, ஆட்டோவில், மருத்துவரிடம்: 4 × 1 × 1 = 4. வெளியூர் பூஜ்யம். மொத்தம் 24.

இப்போது வாசலில் ஒரு சாய்தளம் போடுகிறார்கள். இந்தியாவின் கட்டட வழிகாட்டுதல்படி சரிவு 12க்கு 1. அரையடி உயரப் படி என்றால் ஆறடி நீளச் சாய்தளம். இரண்டடி உயரத் திண்ணை என்றால் 24 அடி வேண்டும். நம் ஊர்களில் எத்தனை சாய்தளங்கள் மூன்றடியில் முடிந்து, மேலே ஏற்ற இரண்டு பேர் தேவைப்படுகிற சறுக்குமரங்களாக நிற்கின்றன என்பது தனிக் கதை. இவர் வீட்டில் படி அரையடிதான், சாய்தளமும் சரியாக அமைந்துவிட்டது என்று கொள்வோம். வாசலுக்குத் தானே வருகிறார்: 12. தெருவில் தினமும் காலையில் ஒரு சுற்று, தன் கையால்: 3 × 4 × 1.5 = 18. தெரிந்தவர்களைப் பார்க்க ஊருக்குள் வாரம் ஒரு முறை, யாராவது கூட வர: 8. பழைய 6 சேர்த்தால் 44. கால் வளரவில்லை, பார்த்தெல் மதிப்பெண்ணில் ஒரு புள்ளி மாறவில்லை. வாழ்வெளியின் எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது.

இதைத்தான் 2001 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட வகைப்பாடு கோட்பாடாகவே ஆக்கியது. உடலின் செயல்பாடு, ஒருவர் செய்யும் காரியங்கள், வாழ்க்கையில் அவருடைய பங்கேற்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். அவரைச் சுற்றியுள்ள கதவு, சாலை, பேருந்து, உறவினர், சட்டம், ஊராரின் பார்வை எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்யவேண்டும் என்றது. கூடவே ஒரு நுணுக்கமான வேறுபாட்டையும் வைத்தது. சோதனை அறையில் ஒருவரால் என்ன முடிகிறது என்பது ஒன்று. தன் வீட்டில், தன் தெருவில் உண்மையில் என்ன செய்கிறார் என்பது வேறு. ஆஸ்பத்திரியின் வழவழத் தரையில் நாற்காலியைப் பம்பரமாகச் சுற்றுபவர், வீட்டில் இரண்டரை அடிக் குளியலறைக் கதவின் முன் நின்றுவிடுவார். கதவுச் சட்டத்தையும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் விரல் முட்டிகளையும் கழித்தால் அங்கே மிச்சம் எதுவும் இல்லை.

சென்னை மெரினா இதற்கு நல்ல உதாரணம். பல ஆண்டுகளாக டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மணலில் தற்காலிகப் பாதை போடுவார்கள். சில நாளில் எடுத்துவிடுவார்கள். கடலைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் காரியமாக இருந்தது. 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளத்தில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. முதல் நாட்களில் அங்கே வந்தவர்களில், அந்த நகரத்திலேயே வாழ்ந்தும் அலையை முதன்முறையாகத் தொட்டவர்கள் உண்டு. டிசம்பர் இரண்டாம் வாரம் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். அந்தச் சில வாரங்களில் ஒரு முதியவரின் ‘கடற்கரைக்குப் போவது’ என்ற இனம் பூஜ்யத்திலிருந்து ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கி, திரும்ப ஏறியிருக்கும். அவருடைய உடம்பில் நடந்த மாற்றம் எதுவுமில்லை.

வேலூரிலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளில் டாக்டர் பால் பிராண்ட் அவரை ஈடுபடுத்தினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்தி பிடித்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது; 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பார்த்தெல் அட்டவணை வெளியானதற்கு மறு வருடம்தான் அந்த நிலையம் திறந்தது. நடக்க முடியாத எவருக்கும் அந்த அட்டவணை வைத்திருக்கும் உச்சம் 80 என்றால், ஒரு மருத்துவத் துறையையே கட்டியெழுப்பிய இவருக்கும் அதே 80தான்.

சரி, பங்கேற்பை எப்படி அளப்பது? யாருடைய பங்கேற்பு என்பதிலிருந்து தொடங்கினார்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பென் மார்ட்டென்சன், வில்லியம் மில்லர் குழுவினர். அவர்கள் செய்த சக்கர நாற்காலிப் பயன் அளவீட்டில் முன்கூட்டியே அச்சடித்த காரியங்களின் பட்டியல் கிடையாது. நாற்காலியில் இருந்தபடி வீட்டுக்குள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள், வெளியே என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று அவரையே கேட்கிறார்கள். அவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அது எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10. இப்போது எவ்வளவு திருப்தி என்று இன்னொரு 0 முதல் 10. இரண்டையும் பெருக்குகிறார்கள். உட்காரும் வசதி, உடம்பு சாயாமல் இருப்பது, தோலில் புண் உண்டா என்பதற்குத் தனிக் கேள்விகள்.

நம் கற்பனை ஆசிரியை வீட்டுக்கு இளம் சிகிச்சையாளர் ஒருவர் இந்தத் தாளோடு வந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“அம்மா, வீட்டுக்குள்ள எதை உங்களால செய்ய முடியலையேன்னு இருக்கு?”

“எல்லாம் நாங்களே செஞ்சு குடுத்துடறோம் மேடம். அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கல,” இது மகன்.

“சார், அம்மாவே சொல்லட்டுமே.”

“குறையெல்லாம் இல்லம்மா. பாவம், மருமக நல்லாத்தான் பாத்துக்கறா.” கொஞ்ச நேரம் கழித்து: “ரசத்துக்கு மட்டும் நான் தாளிச்சா தேவலை.”

சமையல் மேடை நின்று சமைப்பவர்களுக்காகப் போட்டது. நாற்காலியில் இருப்பவருக்கு அடுப்பு மார்புக்கு நேரே வரும். கடுகு வெடித்தால் முகத்தில்தான் தெறிக்கும். பார்த்தெல் அட்டவணையில் இதற்கு இடமே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் யாராவது தட்டை வைத்து, அவர் தானாக எடுத்துச் சாப்பிட்டால் அங்கே முழு 10. கனடாத் தாளிலோ தாளிப்பு முதல் வரியில் ஏறும்: முக்கியத்துவம் 10, திருப்தி 1, பெருக்கினால் 10. தாழ்வான ஒரு பலகை மேல் ஒற்றை அடுப்பை வைத்துக்கொடுத்த பிறகு திருப்தி 7 என்றால் 70. அம்மாவுக்கு என்ன வேண்டியிருந்தது என்று மகனுக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும்.

மகன் பதில் சொன்னதைச் சிறு விஷயம் என்று ஒதுக்க முடியாது. முதியவரின் திறனைப் பற்றி அவரைக் கேட்பதற்கும் பராமரிப்பவரைக் கேட்பதற்கும் விடைகள் வேறுபடுகின்றன. பராமரிப்பவர்கள் பொதுவாக இயலாமையைக் கூட்டியே சொல்கிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மறதி நோய் உள்ளவர் என்றால் வேறு வழியில்லை, அருகில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். நம் வீடுகளில் மறதி இல்லாத முதியவரிடம் கேட்ட கேள்விக்கும் பக்கத்தில் நிற்பவர்தான் பதில் சொல்கிறார். பாசத்தால்தான்.

கேள்வி கேட்பதையே விட்டுவிட்டு, நாற்காலியைச் சாட்சி சொல்ல வைத்தவர்களும் இருக்கிறார்கள். அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கில் ஷாரன் சோனென்ப்ளம், ஸ்டீபன் ஸ்ப்ரிகிள் குழுவினர் 28 பேரின் நாற்காலிச் சக்கரங்களில் அசைவுமானியையும் இருக்கையில் ஒரு சுவிட்சையும் பொருத்தி, ஓரிரு வாரம் பதிவு செய்தார்கள். 2012இல் வெளியான முடிவு சுவாரசியமானது. ஒரு நாளில் மொத்த ஓட்டம் சுமார் 1.6 கிலோமீட்டர், 54 நிமிடம். ஆனால் அது ஒரே ஓட்டமல்ல, தொண்ணூறு துண்டுகள். துண்டுகளின் இடைநிலை அளவு 21 வினாடி, 8.6 மீட்டர். கட்டிலிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து ஜன்னலுக்கு, போன் அடித்தால் அதை எடுக்க. இவர்கள் எல்லாரும் முதியவர்கள் இல்லை. முதியவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. சக்கர நாற்காலி வாழ்க்கை என்பது நீண்ட பயணம் இல்லை, நாள் முழுக்கக் கிளம்புவதும் நிற்பதும் திரும்புவதும்தான். கனத்த இரும்பு நாற்காலியைப் புறப்பட வைக்க ஒவ்வொரு தடவையும் தோள் கொடுக்கும் விலையைத் தொண்ணூறால் பெருக்க வேண்டும்.

தோள் வலிக்கென்றே 1995இல் கேத்லீன் கர்டிஸ் குழு 15 கேள்விகள் கொண்ட அளவீட்டைச் செய்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது, சாய்தளம் ஏறும்போது, தலைக்கு மேலே உள்ள பொருளை எடுக்கும்போது, தூங்கும்போது எவ்வளவு வலி என்று கேட்கிறது. நாற்காலியோடு முதுமை அடைந்தவர்களிடம் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்டும் பயனில்லை. நடப்பவருக்குத் தோள் வலித்தால் அது தோள் வலி. இவர்களுக்கு அது நடையும் போன மாதிரி.

இயந்திரச் சாட்சிக்கும் ஒரு குறை உண்டு. சக்கரம் சுழன்றது தெரியும். ஏன் சுழன்றது, ஏன் நின்றது என்று தெரியாது. அந்த ‘ஏன்’ பல நேரம் பயம்தான். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் லீ கர்பி தொண்ணூறுகளில் தொடங்கி உருவாக்கிய சக்கர நாற்காலித் திறன் தேர்வு, பத்து மீட்டர் உருட்டுவதில் ஆரம்பித்து, தரையில் கிடப்பதை எடுப்பது, கதவைத் திறந்து நுழைவது, 10 டிகிரி சரிவு, 15 சென்டிமீட்டர் நடைமேடை விளிம்பு என்று ஏறிக்கொண்டே போகும். கீழே விழாமல் பிடிக்கப் பின்னால் ஓர் ஆள் நிற்பார். இதில் தேறியவர்களும் வெளியே போகத் தயங்குவதைக் கண்ட பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, நம்பிக்கைக்கென்றே 65 இனங்களோடு தனி அளவுகோல் செய்தது. வண்டிகள் ஓடும் சாலையைக் கடக்க எவ்வளவு துணிச்சல் உண்டு, தெரியாதவரிடம் உதவி கேட்க முடியுமா என்பதெல்லாம் அதில் வரும்.

அதே குழுவினர் 50 வயதுக்கு மேற்பட்ட 124 சக்கர நாற்காலிக்காரர்களை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். தன்னம்பிக்கை கூடுதலாக உள்ளவர்கள் வாழ்க்கையில் கூடுதலாகப் பங்கேற்கிறார்கள். அந்தத் தொடர்பு ஓரளவு நேரடியாகவும், ஓரளவு திறன் வழியாகவும் வாழ்வெளி வழியாகவும் போகிறது என்பது அவர்கள் கண்டது. எழுபது வயதில் நாற்காலி கொடுத்துவிட்டு, ஓட்டப் பழக்காமல் விடுவதன் விளைவை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அளவீடுகளில் பெரும்பாலானவை ‘தானாக’ என்ற அடையாளத்துக்கே மதிப்பெண் தருகின்றன. இதை முதலில் உரக்க எதிர்த்தவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1972இல் சுயசார்பு வாழ்வு மையம் தொடங்கியவர்கள். அதன் முன்னோடி எட் ராபர்ட்ஸ் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் தூங்கியவர். அந்த இயக்கத்தாரின் வாதம் இதுதான்: ஒருவர் உதவினால் கால் மணியில் உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடலாம், தானே செய்தால் இரண்டு மணி நேரமாகும், அதன் பிறகு களைத்து வீட்டிலேயே கிடக்க வேண்டும். இதில் யார் சுயசார்புள்ளவர்? பார்த்தெல் அட்டவணை இரண்டாமவருக்கு 10 கொடுக்கும். முதியவர்களிடம் இது இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் ஒரு நாளுக்கான தெம்பு அவர்களிடம் அளவோடுதான் இருக்கிறது. காலையில் பட்டன் போடுவதிலேயே அதைச் செலவழித்துவிட்டால் சாயங்காலம் பேரன் பள்ளி ஆண்டு விழாவுக்கு எதை வைத்துப் போவது?

பங்கேற்பை அளப்பவர்களிடம் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வெளியே போனால் நல்லது, நாலு பேரோடு பழகினால் நல்லது என்று எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தைச் சேர்ந்த ஜாய் ஹாமல் குழுவினர் மாற்றுத்திறனாளிகளையே கேட்டு 2008இல் எழுதிய கட்டுரையில், பங்கேற்புக்குப் பொதுவான ஒரே அளவு கிடையாது, தேர்வும் கட்டுப்பாடும் தன் கையில் இருப்பதுதான் முக்கியம், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் அடக்கம் என்ற குரல்கள் பதிவாகியிருக்கின்றன. கல்யாண வீட்டு முன்வரிசையில் நாற்காலியோடு நிறுத்தப்பட்டு, வருவோர் போவோரெல்லாம் ‘பாவம்’ என்று கன்னத்தைத் தொட்டுப் போகும் பெரியவர், கணக்கில் பங்கேற்றவர்தான். வீட்டில் இருந்து சீரியல் பார்த்திருக்கலாம் என்று அவர் நினைத்திருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.

இந்தியாவில் சட்டபூர்வமாக அளக்கப்படுவது இன்னும் பெரும்பாலும் உடல்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 சதவீதம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால்தான் பல சலுகைகள். அந்தச் சதவீதத்தை மருத்துவர்கள் மூட்டின் அசைவையும் தசையின் வலுவையும் அளந்து கணக்கிடுகிறார்கள். காலைப் பொறுத்தவரை, சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குந்துவது, சம்மணம் போட்டு உட்காருவது, மண்டியிடுவது என்று சோதிக்கும் பகுதியும் உண்டு. சம்மணமும் குந்துதலும் சேர்ந்திருப்பதில் நம் மண்ணின் வாழ்க்கை தெரிகிறது, அது பாராட்டத்தக்கதுதான். ஆனால் வீட்டுக் கதவின் அகலத்தையோ, அந்தத் தெருவில் எந்தப் பேருந்து நிற்கிறது என்பதையோ எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் இறங்கின. அந்தத் தடத்தில் வசிக்கும் சக்கர நாற்காலிக்காரரின் நிலைமை மாறியது, சான்றிதழிலுள்ள சதவீதம் மாறாது.

நாற்காலி வழங்குவதிலும் இதே கதைதான். வருமானம் குறைந்த முதியோருக்குக் கைத்தடி, காதொலிக் கருவி, பல்செட், சக்கர நாற்காலி வழங்கும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரல் 1 அன்று நெல்லூரில் தொடங்கியது. முகாம் நடத்தி, தகுதி பார்த்து, கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனத்தின் கருவிகளைக் கொடுக்கிறார்கள். கையில் ஒன்றுமில்லாதவருக்கு இது பெரிய உதவி. இத்தகைய திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற எண் முன்னால் நிற்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வேறு கணக்கைக் கேட்கிறது. 2008இல் அது எட்டுப் படிகளை வகுத்தது. 2023இல் வெளியான புதிய வழிகாட்டுதல் அதை நான்காகச் சுருக்கியிருக்கிறது: தேர்ந்தெடுப்பது, உடம்புக்குப் பொருத்துவது, பழக்குவது, பிறகு தொடர்ந்து கவனிப்பது. நான்காவது படியில் பார்க்க வேண்டியவை சில்லறை விஷயங்கள் மாதிரித் தெரியும். டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கால்பலகை சரியான உயரத்தில் இருக்கிறதா, மெத்தை அமுங்கிவிட்டதா, உட்காரும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா. அதே வருகையில் இன்னும் சில நிமிடம் செலவழித்தால், போன நான்கு வாரத்தில் எங்கெல்லாம் போனீர்கள் என்ற ஐந்து வட்டக் கேள்வியையும் கேட்டு எழுதிவிடலாம். அலபாமாக்காரர்கள் அதைத் தொலைபேசியிலேயே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.